கூரைக் கணக்கு

மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகத் தெற்கே ஓடும் பெருஞ்சாலை அம்பாறை மாவட்டத்தினுள் நுழைந்ததும் முதலில் எதிர்ப்படும் ஊர் பெரியநீலாவணை. அதனை அடுத்து நெசவுக்குப் பேர்பெற்ற மருதமுனை, பின்னர் பாண்டிருப்பு, கல்முனை என, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மணற்பரப்பில் வேலிக்கு வேலி அடுத்து வாழும் ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. இக்கரையில் வீடு பெரும்பாலும் பெண்மக்களின் உடைமை. மகளொருத்தி பிறந்த நாள்தொட்டுத் தாய் தகப்பன் சிறுகச் சிறுகச் சேர்த்து, அவளுடைய விவாகத்துக்கு முன் ஒரு வீட்டைக் கட்டி முடித்து, அதனை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கே அழைத்துக்கொள்ளும் வழக்கம் இரு சமூகத்தாரிடையேயும் நெடுங்காலமாக நிலவிவருகிறது. மூன்று பெண்மக்கள் உள்ள தகப்பன் தம் ஆயுளில் மூன்று கூரைகளைப் போட்டாக வேண்டும்.

அத்தகைய தகப்பனார், அத்திவாரத்துக்கு எத்தனை கியூப் கருங்கல், சுவருக்கு எத்தனை ஆயிரம் கல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்து வாங்குவார். கூரை என்று வந்ததும், அந்தக் கணக்கு தமக்கு எட்டாதது என்றதொரு தயக்கத்தினால், ‘கூரை வேலை முழுவதற்கும் இவ்வளவு’ என்னும் ஒற்றை வரிக்குக் கையொப்பமிட்டு விடுவார். அந்த ஒற்றை வரி ஒரு மதிப்பீடு ஆகாது என்பதையும், கூரைக் கணக்கு பள்ளிக்கூடத்துக் கேத்திரகணிதத்துக்கு அப்பாற்பட்டதன்று என்பதையும், காற்றும் உப்பும் மிகுந்த இக்கரையில் அக்கணக்கின் மிகச் சிறிய வரிகளே கூரையின் ஆயுளை நிர்ணயிக்கின்றன என்பதையும் இவ்வத்தியாயத்தில் விளக்க முற்படுகிறேன். கணிதம் இப்பிரதேசத்துக்கு அந்நியமான வித்தையன்று. கல்முனைக்குச் சற்றுத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், பழந்தமிழரின் யாழ் நரம்புகளைக் கணித முறையால் ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். நரம்பின் நீளத்தை இத்துணை நுட்பமாகக் கணித்த ஊரார்க்குக் கைமரத்தின் நீளத்தைக் கணிப்பது பெரிய காரியமாகாது.

மதிப்பீடு என்பது இன்னும் எழாத கூரையைச் சொல்லாலும் எண்ணாலும் முன்கூட்டி எழுப்பிப் பார்ப்பதாகும். அதன் ஒவ்வொரு வரியும், பொருள் இன்னது, அதன் தரம் இன்னது, வேண்டிய அளவு இவ்வளவு, அலகொன்றின் விலை இவ்வளவு, ஆகவே தொகை இவ்வளவு என்று கூற வேண்டும். அளவுகளை எவ்வாறு எடுப்பது என்பதில் வீட்டுக்காரரும் கொந்தராத்துக்காரரும் பிணங்காதிருக்கும் பொருட்டு, இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 573ஆம் இலக்க நியமமாக ஓர் அளவை முறையை வகுத்திருக்கிறது. கணிய அளவையாளர்கள் பெருங்கட்டடங்களுக்கு அதனைப் பின்பற்றியே அளவுப் பட்டியல் தயாரிக்கிறார்கள். சிறு வீட்டுக்கு அந்த நியமம் முழுவதும் வேண்டியதில்லை. அதன் சாரமாகிய ஒரு நெறி மட்டும் போதும்: அளவும் விலையும் தனித்தனியே நிற்க வேண்டும்.

இவ்விரண்டையும் பிரித்து வைப்பதன் பிரயோஜனத்தை இந்தக் கரை இரு முறை கடுமையாக உணர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். வீடு முற்றாக அழிந்தோர் தாமே கட்டிக்கொள்வதற்கென அரசு அறிவித்த உதவித்தொகை 250,000 ரூபா. அது வேலை முன்னேற முன்னேறத் தவணைகளாக வழங்கப்பட்டது. ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழத் தொடங்கியபோது மரமும் ஓடும் மேசன் கூலியும் மாதத்துக்கு மாதம் ஏறின, உதவித்தொகையோ ஏறவில்லை. பின்னர் 2022இல், அமெரிக்க டொலரொன்றின் பெறுமதி ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 350 ரூபாவுக்கும் மேலே சென்றபோது, இறக்குமதியாகும் தகடு, ஆணி, வர்ணம் அனைத்தின் விலையும் கைமீறியது. இத்தகைய காலங்களில் ஒற்றை வரி மதிப்பீடு வைத்திருந்தவர், கொந்தராத்துக்காரர் கேட்கும் மேலதிகத் தொகை நியாயமானதா அன்றா என்று அறிய வழியின்றித் திகைத்திருப்பார். அளவுப் பட்டியல் வைத்திருப்பவரோ, மாறியது விலை மட்டுமே, ஓடுகளின் எண்ணிக்கை மாறவில்லை என்று கண்டு, கல்முனை ஹாட்வெயார் கடையில் அன்றைய விலையைக் கேட்டு, ஒரு மாலைப்பொழுதில் கணக்கைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆகவே நாம் இங்கு அளவுகளையே பேசுவோம். விலைகளை வாசகர் தமது நாளின் சந்தையில் கேட்டு நிரப்பிக்கொள்ளட்டும்.

நீளம் 30 அடி, அகலம் 24 அடி உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நிலத்தின் பரப்பு 720 சதுர அடி. கூரை வேலையில் 100 சதுர அடியை ஒரு ‘சதுரம்’ என்று கொள்வது வழக்கம்; அந்தக் கணக்கில் இது 7.2 சதுரம். இந்த எண்ணையே கூரையின் அளவாகக் கொண்டு விலை பேசுவோர் பலர் உண்டு. பிழை அங்கேதான் ஆரம்பிக்கிறது. சுவரை மழையிலிருந்து காக்கும் பொருட்டு நாற்புறமும் கூரை 2 அடி வெளியே நீள வேண்டும். ஆகவே கூரையின் தரைப்படம் 34 அடிக்கு 28 அடி, அதாவது 952 சதுர அடி. இனி, முகடு இறவார மட்டத்திலிருந்து 7 அடி உயர்வதாகக் கொண்டால், ஒவ்வொரு கைமரமும் 14 அடி கிடையாகச் சென்று 7 அடி எழுகிறது. செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைப் பற்றிப் பைதகரஸின் பெயரால் நாம் படித்ததும், பண்டைய இந்தியாவின் சுல்ப சூத்திரங்களில் வேள்விக் குண்டம் அமைப்போர் கையாண்டதுமான அதே விதிப்படி, கைமரத்தின் நீளம் 15 அடி 8 அங்குலம் ஆகிறது. அதனை 34 அடியால் பெருக்கி, இரு சரிவுகளுக்குமாக இரட்டித்தால் வருவது 1,064 சதுர அடி. 7.2 சதுரம் என்று எண்ணியிருந்த கூரை 10.64 சதுரமாகிவிட்டது, ஏறக்குறைய பாதி மடங்கு அதிகம்.

இதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. கூரையைப் பார்க்கும் கண்ணுக்குச் சரிவே பரப்பைப் பெருக்குவதாகத் தோன்றும். கணக்கோ வேறு விதமாகக் கூறுகிறது: 720ஐ 952 ஆக்கியது இறவாரம், 952ஐ 1,064 ஆக்கியதே சரிவு. நூற்றுக்கு 12 பங்கு மட்டும் சரிவினால் கூடியது, 32 பங்கு இறவாரத்தினால் கூடியது. இறவாரத்தை ஓர் அடி கூட்டலாமா குறைக்கலாமா என்பது அழகைப் பற்றிய யோசனையாக மட்டும் இருத்தலாகாது; அது செலவைப் பற்றியதும், பின்னர் காணப்போவது போலக் காற்றைப் பற்றியதுமாகும்.

இரு புறம் சரியும் கூரையா, நாற்புறமும் சரியும் கூரையா என்ற தர்க்கம் ஒவ்வொரு குடும்பத்திலும் எழுவது. நாற்சரிவுக் கூரைக்கு ஓடு அதிகம் வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில், ஒரே தரைப்படத்தின் மேல், எல்லாப் பக்கமும் ஒரே சரிவில் அமையும் வரை, இரண்டின் பரப்பும் சமமே. சூரியன் தலைக்கு நேரே நிற்கும் உச்சிப் பொழுதில் இரு கூரைகளும் நிலத்தில் வீழ்த்தும் நிழல் அதே 952 சதுர அடி. சரிவு ஒன்றாயிருப்பதால் ஒவ்வொரு முகமும் தன் நிழலினும் ஒரே விகிதத்தில்தான் பெரிதாயிருக்க முடியும். ஆயினும் செலவு சமமன்று; ஏனெனில் செலவு பரப்பை மட்டும் பின்தொடர்வதில்லை, விளிம்பையும் பின்தொடர்கிறது. நம் உதாரண வீட்டில் நாற்சரிவு அமைத்தால் நான்கு மூலைக் கைமரங்கள் ஒவ்வொன்றும் குறுக்கே 14, நெடுக்கே 14, மேலே 7 அடி செல்லும்; அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 441, அதன் வர்க்கமூலம் சரியாக 21 அடி. நான்குக்கும் 84 அடி, நடுவில் எஞ்சும் முகடு 6 அடி, ஆக 90 அடி நீளத்துக்கு முகட்டோடு வேண்டும். இருசரிவுக் கூரைக்கு வேண்டியதோ 34 அடி மாத்திரம். அந்த 84 அடி நெடுகிலும் இரு பக்கத்து ஓடுகளையும் சரிவாக வெட்ட வேண்டும். வெட்டிய துண்டில் பெரும்பகுதி வீண். மறுபுறம், இருசரிவுக் கூரைக்கு இரு முனைகளிலும் 24 அடி அகலமும் 6 அடி உயரமுமான முக்கோணச் சுவர்கள் எழ வேண்டும்; ஒவ்வொன்றும் 72 சதுர அடி. அந்தச் செலவு மேசனின் கணக்கில் ஒளிந்திருப்பதால் கூரையின் விலையை ஒப்பிடும்போது எவர் கண்ணிலும் படுவதில்லை. இரண்டு கணக்குகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பின்னரே எது மலிவு என்று சொல்ல வேண்டும்.

மரக் கணக்கில் ஓடாவிமார் தவறுவதில்லை, வீட்டுக்காரர்தாம் தவறுவார்கள். கைமரங்களை 2 அடிக்கு ஒன்றாக வைப்பதெனில் 34 அடி முகட்டில் இடைவெளிகள் 17. கைமரங்களோ 18 சோடி, ஏனெனில் கடைசி இடைவெளிக்கும் ஒரு முடிவு வேண்டும். ஆகவே 36 கைமரம், 16 அடி மரமாக வாங்கினால் 576 அடி. 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் என்ற கனத்தில் அது 32 கன அடி மரம். கைமரங்களின் குறுக்கே ஓட்டைத் தாங்கும் சலாகைகளின் இடைவெளி ஓட்டின் அளவைப் பொறுத்தது. ஏறக்குறைய 12½ அங்குலம் எனக் கொண்டால் ஒரு சரிவுக்கு 16 வரிசை, இரு சரிவுக்கும் 32 வரிசை, 1,088 அடி. மூட்டுக்கும் கழிவுக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டி 1,200 அடி எனலாம். இவை நீங்க முகட்டு வளை 34 அடி, சுவரின் மேற்கிடக்கும் வளை இரு பக்கமும் 60 அடி. முதிரையா, பாலையா, வைரம் பாய்ந்த பனையா என்பதையும், கறையான் மருந்து பூசப்பட வேண்டுமா என்பதையும் எழுதாத மரக் கணக்கு பாதிக் கணக்கே. ஒரே அளவுள்ள இரு மரங்களின் விலை இனத்தினால் மடங்கு கணக்கில் வேறுபடும்.

ஓடுகள் சதுரமொன்றுக்கு ஏறக்குறைய 150. நம் கூரைக்கு 1,596. உடைவுக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டினால் 1,700க்குச் சற்றுக் குறைவு. நம்மவர் கலிக்கட் ஓடு என வழங்கும் இந்தத் தட்டையோட்டின் பரம்பரை, பாசல் மிஷனைச் சேர்ந்த ஜோர்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் 1865இல் மங்களூரில் நிறுவிய ஓட்டுத் தொழிற்சாலைக்குச் செல்கிறது. ஓர் ஓட்டின் விளிம்பு அடுத்த ஓட்டின் பள்ளத்தில் பொருந்துமாறு அச்சிட்டதே அதன் சிறப்பு. பழைய வளைவோடுகள் ஒன்றன்மேல் ஒன்று தடித்துக் கிடந்த இடத்தில் இது ஒற்றைப் படையாகவே மழையைத் தடுத்தது, ஆகவே மரத்தின் பாரமும் குறைந்தது. இலங்கையில் இவ்வோடுகளுக்குப் பேர்போனவை மேற்குக் கரையை அடுத்த தங்கொட்டுவ, வைக்கால் சூளைகள். அங்கிருந்து தீவின் குறுக்கே நான்கு தொன்னுக்கு மேற்பட்ட ஓடு நம் வாசலுக்கு வந்து சேர வேண்டும் என்பதை நினைத்தால், ஏற்றுகூலியும் இறக்குகூலியும் தனி வரியாக இருக்க வேண்டியதன் அவசியம் விளங்கும்.

தகடும் சீற்றும் போடுவோர்க்கு வேறொரு எச்சரிக்கை. கடையில் விற்கும் அகலம் வேறு, கூரையில் மூடும் அகலம் வேறு. 42 அங்குல அகலமான சீற்றில் பக்க மடிப்புக்கு 4 அங்குலம் போனால் மூடுவது 38 அங்குலமே. 34 அடி நீளத்துக்கு, விற்கும் அகலத்தால் வகுப்பவர் 10 சீற் என்பார், மூடும் அகலத்தால் வகுப்பவர் 11 என்பார். ஒரு வரிசைக்கு ஒன்று குறைந்தால், கூரை வேலையின் நடுவில், மழை இருண்டு வரும் பொழுதில், கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

மழையின் கணக்கு ஓட்டின் கணக்குக்கு நேர்மாறானது. ஓட்டுக்குச் சரிவுப் பரப்பை எடுத்தோம். மழைநீருக்கோ தரைப்படத்தையே எடுக்க வேண்டும், ஏனெனில் மேலிருந்து விழும் நீர் கூரையின் நிழலை மட்டுமே அறியும். 952 சதுர அடியில் ஓர் அங்குல மழை ஏறக்குறைய 2,250 லீற்றர். வாடைக்காற்றோடு ஐப்பசி முதல் தை வரை கொட்டும் இக்கரை மழையில் இது ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடக் கூடும். பீலி இரு பக்கமும் 68 அடி, இறங்கு குழாய்கள் இத்தனை, பிடிகள் இத்தனை என்று எழுதாமல் விட்டால், அந்த 2,250 லீற்றரும் சுவரோரத்து மணலைத் தோண்டி அத்திவாரத்தை அணுகும்.

இனிக் காற்றுக்கு வருகிறேன். இந்தக் கரையில் கூரையைப் பற்றி எழுதுபவன் நிதானமாகத் தரித்து நிற்க வேண்டிய இடம் இதுதான். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்புப் பிரதேசத்தைத் தாக்கிய சூறாவளி கூரைகளைக் கூட்டங்கூட்டமாகப் பறித்தெறிந்து, தென்னந்தோட்டங்களை அடியோடு சாய்த்து, பல நூறு உயிர்களைக் கவர்ந்தது. அந்த அனுபவத்தின் விளைவாக, கடுங்காற்றைத் தாங்கும் கட்டடங்களை அமைப்பதற்கான வழிகாட்டி நூலொன்றை அரசு 1980இல் வெளியிட்டது. அது தீவை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து, கிழக்குக் கரையை மிகக் கடுமையான முதல் வலயத்தில் வைத்தது. அவ்வலயத்துச் சாதாரணக் கட்டடங்களுக்கு அது விதித்த அடிப்படைக் காற்று வேகம் செக்கனுக்கு 49 மீற்றர். மணிக்கு 176 கிலோமீற்றர். கொழும்பு உள்ளிட்ட மூன்றாம் வலயத்துக்கு 33 மீற்றர் மாத்திரம்.

49க்கும் 33க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மடங்கே என்று எண்ணிவிடலாகாது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆதலால் இங்கே கூரை தாங்க வேண்டியது கொழும்புக் கூரையின் சுமையைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். அந்த அழுத்தம் எந்தத் திசையில் செயற்படுகிறது என்பதிலும் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. புயற்காற்று கூரையை அமுக்கி உடைப்பதில்லை. முகட்டைத் தாண்டி விரைந்தோடும் காற்றினால் கூரையின் மேற்புறத்தில் அழுத்தம் குறைகிறது. உடைந்த யன்னல் வழியாக உட்புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து, பட்டத்தை ஏற்றுவது போலக் கூரையை மேலே தூக்குகின்றன. செக்கனுக்கு 49 மீற்றர் வேகத்தில் அழுத்தம் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 150 கிலோ. நம் ‘சதுரம்’ ஒன்றுக்குக் கணக்கிட்டால் 1,400 கிலோ. வீட்டின் உயரம், சுற்றியுள்ள மரங்கள், சரிவு ஆகியவற்றுக்கேற்ப இது மாறும். இறவார விளிம்பிலும் முகட்டருகிலும் நடுப்பகுதியை விட இழுவை கடுமையாகவே இருக்கும். இதற்கெதிரே கூரையின் சொந்தப் பாரம் எவ்வளவு? ஒரு சதுர ஓடு ஏறக்குறைய 400 கிலோ. ஒரு சதுரத் தகடு 40, 45 கிலோ. பாரத்தை மாத்திரம் நம்பி நிற்கும் கூரை எதுவும் அந்தக் காற்றில் நிற்காது. தகட்டுக் கூரையின் கதி சொல்ல வேண்டியதில்லை.

கூரையைக் கீழே பிடித்து வைக்கும் பொருட்கள் மதிப்பீட்டில் எந்த வரியில் இருக்கின்றன? பெரும்பாலான மதிப்பீடுகளில் எந்த வரியிலும் இல்லை. ‘ஆணி முதலிய சில்லறை’ என்ற சொற்களுக்குள் புதைந்திருக்கும். சலாகையும் கைமரமும் சந்திக்கும் இடங்கள் நம் கூரையில் 576. ஒவ்வொன்றும் ஆணியறையப்பட வேண்டும். கைமரம் சுவர் வளையில் அமரும் இடங்கள், சுவருக்கு வெளியே நிற்கும் இரு முனைச் சோடிகள் நீங்க, 32; ஒவ்வொன்றிலும் ஒரு பட்டை இரும்பு கைமரத்தைச் சுற்றி வளையோடு பிணைக்க வேண்டும். சுவர் வளையை அதன் கீழுள்ள கொங்கிறீட் வளையத்தோடு இறுக்கும் போல்ட்டுகள் 4 அடிக்கு ஒன்றுக்குக் குறையாமல் இரு பக்கமும் 18. இவை கொங்கிறீட் ஊற்றும்போதே பதிக்கப்பட வேண்டியவையாதலால், கூரை வேலை தொடங்குவதற்குப் பல கிழமைகளுக்கு முன்பே கணக்கில் வந்திருக்க வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தும் ஓட்டின் விலையில் ஒரு சிறு பின்னத்துக்கு மேற்போகா. தகட்டுக் கூரை மலிவு என்போர், ஓட்டுக்கு வேண்டிய கனத்த மரம் இங்கு வேண்டியதில்லை என்று கழித்துக்கொள்வது நியாயமே; அதே கையினால், பாரம் குறைந்ததற்கு ஈடாகக் கூடுதல் பிணைப்பைச் சேர்க்கவும் வேண்டும். முதற்பாதியைச் செய்து பிற்பாதியை விட்ட கணக்குகளே புயலுக்குப் பின் தென்னந்தோப்புகளில் சுருண்டு கிடக்கும் தகடுகளாகின்றன.

காற்று அடிக்காத நாட்களிலும் கடல் தன் வேலையை நிறுத்துவதில்லை. அலை உடையுந்தோறும் எழும் நுண்துளிகள் உப்பைச் சுமந்து வந்து ஆணித்தலையிலும் தகட்டின் விளிம்பிலும் படிகின்றன. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ள, இரும்பு இரவும் பகலும் அரிபடுகிறது. நாகப்பூச்சு தான் முதலில் அரிந்து இரும்பைக் காக்கும் இயல்புடையது. ஆனால் கடலோரத்தில் அந்தத் தியாகம் விரைவில் தீர்ந்துவிடும். நூற்றுக்கு 55 பங்கு அலுமினியமும் 43.5 பங்கு நாகமும் 1.5 பங்கு சிலிக்கனும் கலந்த பூச்சுத் தகடுகள் இதனினும் நெடுநாள் தாங்குவன. எனினும் வெட்டிய விளிம்பும் துளையும் அங்கும் பலவீனமே. நல்ல தகடு வாங்கி அதனைச் சாதாரண ஆணியால் அறைபவர், தகட்டின் ஆயுளை ஆணியின் ஆயுளுக்குக் குறைத்துவிடுகிறார். கடலுக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை யார் என்பதை மதிப்பீட்டின் தலைப்பிலேயே எழுதி வைப்பது நல்லது. ஆணியின் தரத்தை அதுவே தீர்மானிக்கும்.

பழைய கூரையைக் கழற்றிப் புதுக்குவோர்க்கு அஸ்பெஸ்டஸ் பற்றி ஒரு சொல். இந்நாட்டில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் சீற்றுகள் இன்றும் எண்ணற்ற வீடுகளின் மேல் இருக்கின்றன. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகத்தின் முடிந்த முடிவு. சீற் அசையாதிருக்கும் வரை அபாயம் குறைவு. அதனை வாளால் அறுக்கும்போதும், மேலிருந்து எறிந்து நொறுக்கும்போதும் எழும் தூசியே நஞ்சு. நனைத்து, முழுச் சீற்றாகக் கழற்றி, இறக்கி, மூடி அப்புறப்படுத்துவதற்குக் கூடுதல் கூலி ஆகும். அந்தக் கூலியை எழுதாத மதிப்பீடு, அதனை வேலையாளின் சுவாசப்பையிலிருந்து வசூலிக்கிறது.

புதுக்கும் வேலையில் இன்னொரு சங்கடம், ஓட்டைக் கழற்றும் வரை கீழுள்ள மரத்தின் நிலை எவருக்கும் தெரியாமை. இதற்குக் கொந்தராத்துக்காரர் ஒரு பெருந்தொகையை ஊகித்துச் சேர்ப்பதும் தவறு, ஒன்றும் சேர்க்காது பின்னர் சண்டையிடுவதும் தவறு. மாற்ற வேண்டிய கைமரம் அடிக்கு இவ்வளவு, சலாகை அடிக்கு இவ்வளவு என்று அலகு விலையை மாத்திரம் முன்பே ஒப்புக்கொண்டு, அளவை இரு தரப்பாரும் கூரையின் மேல் நின்று சேர்ந்து அளப்பதே சிறந்த வழி. கழற்றிய நல்ல ஓடுகள் யாருக்குச் சொந்தம் என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.

விலை வரிகளைப் பொறுத்தவரை, பொருள், ஏற்றுகூலி, ஓடாவிக்கும் கையாட்களுக்குமான கூலி, சாரம், கொந்தராத்துக்காரரின் இலாபம் ஆகியவை பிரிந்து தெரிந்தால் போதும். அவருடைய இலாபத்தை ஒரு குற்றம் போலப் பார்ப்பது அநியாயம். வெளிப்படையாக எழுதப்பட்ட இலாபம், ஆணியிலும் மரக் கனத்திலும் மறைவாக எடுக்கப்படுவதைவிட வீட்டுக்காரருக்கு எவ்வளவோ மேலானது. விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதும் எழுதப்பட வேண்டும். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை கட்டடப் பொருட்களுக்கு வெளியிடும் விலைச் சுட்டெண்களைப் பெரிய ஒப்பந்தங்கள் பின்பற்றுகின்றன; சிறு வீட்டுக்கு, வாங்கும் நாளின் கடைச் சிட்டையே பிரமாணம் என்று எழுதிக்கொண்டால் போதுமானது.

எந்தக் கூரை மலிவு என்று கேட்போர்க்கு, விலையை ஆயுளால் வகுத்துப் பார்க்கச் சொல்வது சாஸ்திரம். ஒரு பங்கு விலையில் 15 ஆண்டு நிற்கும் கூரையைவிட, ஒன்றரைப் பங்கு விலையில் 40 ஆண்டு நிற்கும் கூரை ஆண்டுக்கணக்கில் மலிவு. ஆயினும் கலியாணத் திகதி குறிக்கப்பட்டு, நகை அடகில் இருக்கும் வீட்டில், நாற்பது ஆண்டுக் கணக்கைப் பேசுவது எளிதன்று என்பதை நான் அறிவேன். அத்தகையோர் மேலே போடும் பொருளை மலிவாகத் தேர்வதில் குற்றமில்லை. தகட்டைப் பின்னொரு நாளில் ஓடாக மாற்றவும் செய்யலாம், கைமரம் அதற்கேற்ற கனத்தில் இருக்குமானால். கொங்கிறீட்டினுள் பதிக்காது விட்ட போல்ட்டைப் பின்னர் பதிப்பதோ சுவரை உடைக்கும் வேலை. பணம் குறையும்போது குறைக்கத் தகாத வரிகள் மரமும் பிணைப்புமே.

கூரை வேலைக்குக் கையொப்பமிடப் போகும் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. உங்கள் கையிலுள்ள மதிப்பீட்டில் சரிவுப் பரப்பு எத்தனை சதுரம், பட்டை இரும்பு எத்தனை, போல்ட் எத்தனை, ஆணி எத்தரம் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். எழுதியிராவிட்டால், முற்பணம் கொடுப்பதற்கு முன், எழுதித் தருமாறு கேளுங்கள்.